வலியில்லை என்பது நல்ல செய்தி இல்லை: எடைப் பயிற்சியும் மரத்துப்போன சுண்டுவிரலும்

அந்த வாரம் முழுக்க என் கோடில் செமிகோலன் விட்டுப்போய்க்கொண்டே இருந்தது. இருபது வருஷமாக விரல் தானாகத் தட்டுகிற எழுத்து அது. கம்பைலர் திட்டும், போட்டுவிட்டு மேலே போவேன், நாலு வரி தள்ளி மறுபடியும் திட்டும். மூன்றாவது நாள்தான் கையைப் பார்த்தேன். வலது சுண்டுவிரல் கீ மேல் இருக்கிறது. தொட்டதா, அழுத்தியதா என்பது எனக்குத் தெரியவில்லை. கிள்ளிப் பார்த்தால் யாரோ ஒருத்தர் விரலைக் கிள்ளுவது மாதிரி இருந்தது. வலி? சுத்தமாக இல்லை. அதனாலேயே இன்னும் ஏழு வாரத்தை வீணாக்கினேன். இந்தக் கட்டுரை அந்த ஏழு வாரத்தைப் பற்றியதுதான்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. பி.இ. படித்து சாஃப்ட்வேரில் பிழைக்கிறவன். ஊர் புதுக்கோட்டை. மன்னர் ஆண்ட புதுக்கோட்டை இல்லை. தூத்துக்குடியிலிருந்து பாளையங்கோட்டை ரோட்டில், வாகைக்குளம் விமான நிலையத்துக்குக் கொஞ்சம் முன்னால் வருமே, அந்தப் புதுக்கோட்டை. கொரோனா சமயத்தில் சென்னையிலிருந்து லேப்டாப்போடு வந்தவன் அப்படியே தங்கிவிட்டேன். தொப்பையும் சர்க்கரை எல்லைக்கோடும் சேர்ந்து பயமுறுத்தியதில் நாற்பத்தியோரு வயதில் ஜிம்மில் சேர்ந்தேன். ஒன்றரை வருஷத்தில் பெஞ்ச் பிரஸ் 70 கிலோ, டெட்லிஃப்ட் 110 கிலோ. இந்த வயதுக்கு மோசமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

விரல் மரத்ததைச் சொன்னதும் ஜிம்மில் எல்லாருக்கும் ஒரே பதில்தான். "அண்ணாச்சி, அது டிஸ்க்கு. கழுத்துல புடிச்சிருக்கும்." கூகிளும் அதையே சொன்னது. நானே ஒரு ஸ்கேன் சென்டருக்குப் போய்க் கழுத்துக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தேன். ரிப்போர்ட்டில் ஒரு டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருப்பதாக எழுதியிருந்தது. சரி, குற்றவாளி கிடைத்துவிட்டான் என்று யூடியூப் பார்த்துக் கழுத்துப் பயிற்சி செய்ய ஆரம்பித்தேன். ஜிம்மையும் நிறுத்தவில்லை.

இந்த இடத்தில்தான் பெரிய தப்பு செய்தேன். நாற்பது வயதுக்காரன் முதுகெலும்பை ஸ்கேன் எடுத்தால் ஏதாவது ஒரு பிதுக்கம் தெரியத்தான் செய்யும். 2015இல் ஒரு தொகுப்பாய்வு வெளிவந்தது. எந்த வலியும் இல்லாத 3,110 பேருடைய முதுகெலும்புப் படங்களை, 33 ஆய்வுகளிலிருந்து சேர்த்துப் பார்த்தார்கள். நாற்பது வயதில் பாதிப் பேருக்கு டிஸ்க் பிதுங்கி இருக்கிறது. 68 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்ந்திருக்கிறது. இருபது வயசுப் பையன்களிலேயே 30 சதவீதத்துக்குப் பிதுக்கம். இவர்கள் யாருக்கும் வலி கிடையாது, மரப்பு கிடையாது. நரை மாதிரிதான் அது. சர்வரில் பிரச்சினை வரும்போது லாக் ஃபைலைத் திறந்தால் சம்பந்தமே இல்லாத பழைய எச்சரிக்கைகள் நூறு இருக்கும். முதலில் கண்ணில் பட்டதைப் பிடித்துக்கொண்டு ராத்திரி முழுக்க அலைவோம். பிழைப்பே அதுதான் என்றிருப்பவன், சொந்தக் கை விஷயத்தில் அதையே செய்தேன்.

ஸ்கேன் சொல்லாததை மோதிர விரல் சொன்னது. ஒருநாள் காபி டம்ளரைப் பிடித்தபோது கவனித்தேன்: மோதிர விரலில் சுண்டுவிரலை ஒட்டிய பாதி மரத்திருக்கிறது, நடுவிரலை ஒட்டிய பாதி நன்றாகச் சூடு உணர்கிறது. ஒரே விரலுக்கு நடுவில் கோடு போட்டுப் பிரித்த மாதிரி.

அந்தக் கோடு உண்மையிலேயே இருக்கிறது. கைக்குப் போகிற மூன்று பெரிய நரம்புகளில் இரண்டு உள்ளங்கையைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. கட்டைவிரலில் தொடங்கி மோதிர விரலின் பாதி வரை மீடியன் நரம்பு. மீதிப் பாதியும் சுண்டுவிரலும் அல்நார் நரம்பு. பெரும்பாலானவர்களுக்கு எல்லை மோதிர விரலின் நடுவில்தான் ஓடுகிறது. இப்போது யோசியுங்கள். கழுத்திலிருந்து கிளம்பும் வேரிலேயே பிரச்சினை என்றால், அந்த வேர் போகிற தோல் முழுக்க மரக்க வேண்டும்: சுண்டுவிரல், மோதிர விரல் முழுசும், அதோடு முன்கையின் உள்பக்கமும். பாதி விரலோடு நிற்காது. முன்கையின் உள்பக்கத் தோலுக்கு அல்நார் நரம்பு போவதே இல்லை, வேறொரு நரம்பு போகிறது. என் முன்கையில் எறும்பு ஊர்ந்தால்கூடத் தெரிந்தது. ஆகவே பழுது கழுத்தில் இருக்க வாய்ப்பு குறைவு. அல்நார் நரம்பு தனியாகப் பிரிந்த பிறகு எங்கேயோ இருக்கிறது.

எங்கே? இரண்டு இடத்தில்தான் அது வழக்கமாக மாட்டும். ஒன்று முழங்கை, இன்னொன்று மணிக்கட்டு. இதையும் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. மணிக்கட்டுக்குச் சில சென்டிமீட்டர் மேலேயே அல்நார் நரம்பிலிருந்து ஒரு கிளை பிரிந்து, புறங்கையின் சுண்டுவிரல் பக்கத்துக்குப் போகிறது. மணிக்கட்டில் நசுங்கினால் அந்தக் கிளை தப்பித்துவிடும், புறங்கையில் உணர்ச்சி இருக்கும். முழங்கையில் நசுங்கினால் அதுவும் சேர்ந்து மரக்கும். புறங்கையைத் தடவிப் பார்த்தேன். மரத்திருந்தது. முழங்கை!

நெட்வொர்க்கில் எந்த இடம் வரை பாக்கெட் போகிறது, எங்கே நிற்கிறது என்று தேடுவோமே, அதே வேலைதான். வீட்டில் உட்கார்ந்து, ஒரு பஞ்சுத் துணுக்கை வைத்துக்கொண்டு பத்து நிமிஷத்தில் செய்யக்கூடியது.

முழங்கையில் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை ஷாக் அடிக்குமே, அதுதான் அல்நார் நரம்பு. முழங்கையின் உள்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும் குமிழ் எலும்புக்குப் பின்னால், ஒரு பள்ளத்தில், தோலுக்கு நேர் கீழே ஓடுகிறது. மேலே சதை கிடையாது, கொழுப்பு கிடையாது. கையை நீட்டியிருக்கும்போது சும்மா கிடக்கும். மடக்க மடக்க அந்தப் பள்ளத்தின் கூரை இறுகி இடம் குறுகும், நரம்பும் எலும்பைச் சுற்றி இழுபடும். எடை இல்லாமல் மடக்கினாலே இப்படி; எடையோடு முழுசாக மடக்கி நிறுத்தினால் கேட்க வேண்டாம்.

என் பயிற்சி அட்டவணையை எடுத்து வைத்துப் பார்த்தேன். தலைக்குப் பின்னால் டம்பெல்லைத் தொங்கவிட்டு நீட்டும் ட்ரைசெப்ஸ் பயிற்சி, ஸ்கல் க்ரஷர், பார்பெல்லைத் தோளுக்குக் கீழே இறக்கி வைத்துச் செய்யும் ஸ்குவாட், முழங்கையைத் திண்டில் ஊன்றிச் செய்யும் ப்ரீச்சர் கர்ல். கடைசியில் சொன்னது மடக்குவதோடு அழுத்தவும் செய்கிறது. வாரம் நாலு நாள். சரி, இதெல்லாம் மொத்தம் எவ்வளவு நேரம்? வாரத்துக்கு ஒரு மணி நேரம்கூட வராது. மிச்ச நேரம் என்ன செய்தேன் என்பதுதான் சுவாரசியம். நாள் முழுக்க மேஜை விளிம்பில் முழங்கையை ஊன்றி டைப் அடித்தேன். மீட்டிங்கில் போனைக் காதில் வைத்துக் கையை மடக்கியபடி ஒரு மணி நேரம். ராத்திரி கையை மடக்கித் தலைக்குக் கீழே வைத்துத் தூக்கம். எடைப் பயிற்சி நரம்பை வீங்க வைத்தது. மீதி நேரம் முழுக்க அதை ஆறவிடாமல் பார்த்துக்கொண்டது நான். எடையை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை.

நம்ம பக்கத்துக்கு எடை தூக்குவது புதுசும் இல்லை. திருநெல்வேலி மாவட்டம் வடலிவிளையில் பொங்கலுக்கு இன்னமும் இளவட்டக்கல் தூக்குகிறார்கள். நூறு கிலோவைத் தாண்டிய கல்லும் உண்டு. உருண்டையாக, வழவழவென்று, பிடிக்க ஒரு இடம் இல்லாத கல். குந்தி உட்கார்ந்து, மாரோடு அணைத்து, நெஞ்சில் ஏற்றித் தோளுக்குக் கொண்டுபோய்ப் பின்னால் தள்ள வேண்டும். கல்யாணத்துக்குப் பையன் தேறுவானா என்று பார்க்க வைத்த கல் என்பார்கள். எடை என் பெஞ்ச் பிரஸ்ஸைவிட அதிகம்தான். ஆனால் ஒரே நரம்பை ஒரே கோணத்தில் மடக்கி, செட்டுக்குப் பன்னிரண்டு தடவை, வாரம் நாலு நாள், வருஷம் முழுக்க என்று யாரும் அந்தக் கல்லைத் தூக்கியதில்லை. நரம்பைக் கெடுப்பதில் எடைக்கு இருக்கும் பங்குக்குக் குறையாத பங்கு, திரும்பத் திரும்பச் செய்வதற்கு இருக்கிறது.

இதெல்லாம் தெரிந்த பிறகும் நான் டாக்டரிடம் போகவில்லை. வலிதான் இல்லையே! போக வைத்தது ஒரு துண்டுப் பேப்பர்.

ஃப்ரோமா சோதனை என்று ஒன்று இருக்கிறது. முதல் உலகப்போர்க் காலத்து பிரெஞ்சு நரம்பியல் டாக்டர் ஃப்ரோமாவின் பெயரில் வழங்குவது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில், விரல்களின் பக்கவாட்டால், ஒரு பேப்பரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இன்னொருவர் உருவ வேண்டும். அல்நார் நரம்பு நன்றாக இருந்தால் கட்டைவிரல் நேராக நின்று பிடிக்கும். பலவீனமாக இருந்தால் அந்த வேலைக்குரிய தசை வராது. வேறு நரம்பில் ஓடும் தசை உதவிக்கு வந்து கட்டைவிரல் நுனியை மடக்கிவிடும். மகள் பேப்பரை உருவினாள். இடது கட்டைவிரல் நேராக நின்றது. வலது, என் கண் முன்னால், பொசுக்கென்று மடங்கியது. "அப்பா, சீட்டிங் பண்ணாதீங்க" என்றாள்.

அன்றைக்கு ராத்திரி எனக்குப் பெரியப்பா ஞாபகம் வந்தது.

பெரியப்பா தூத்துக்குடி பழைய துறைமுகத்தில் தோணிகளுக்கு மூட்டை ஏற்றியவர். முதுகில் சாக்கு, நடுவில் பலகை, ஆடுகிற தோணி. அந்தக் காலத்துச் சாக்கு நூறு கிலோ வரை இருக்கும். (ஆள் ஒருத்தர் சுமக்கும் எடை 55 கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967இல் பரிந்துரைத்துவிட்டது. தோணிக்கு அந்தச் சேதி வந்து சேரவில்லை.) அவருக்கு நாற்பத்தைந்து வயதில் இடுப்பில் பிடித்து, வலது காலில் தொடையிலிருந்து பாதம் வரை இழுத்தது. மூன்று வாரம் ராத்திரி தூங்காமல் துடித்தார். அப்புறம் ஒருநாள் காலையில் எழுந்து, "வலி போயிட்டு, பாத்துக்கிடுங்க" என்றார். பெரியம்மா சிவன் கோவிலுக்கு நல்லெண்ணெய் வாங்கிக்கொண்டு போனாள். எனக்கு அப்போது பத்து வயது. அந்தக் காலை நன்றாக ஞாபகம் இருக்கிறது, வீடே சந்தோஷமாக இருந்தது.

அதே வாரத்தில் அவர் வலது காலில் செருப்பு நிற்காமல் கழன்று கழன்று விழுந்தது. பாதத்தை மேலே தூக்க முடியவில்லை. நடக்கும்போது முன்பாதம் தரையில் சப் சப்பென்று அடிக்கும். வாதம் என்றார்கள், எண்ணெய் போட்டு உருவினார்கள், மாதம் மாதமாக உருவினார்கள். பாதம் கடைசி வரை எழும்பவில்லை. துறைமுக வேலை அதோடு போயிற்று. கடைசிக் காலம் வரை ரப்பர் செருப்பைக் கணுக்காலோடு கயிறு போட்டுக் கட்டித்தான் நடந்தார்.

இப்போது படித்துப் பார்த்தால் பாடப்புத்தகத்தில் அப்படியே இருக்கிறது. இடுப்பில் நரம்பு வேர் நசுங்கும்போது முதலில் கத்தும். மேலும் மேலும் நசுங்கினால் கத்தும் சக்தியையும் இழந்துவிடும். வலி திடீரென்று நின்று, அதே நேரத்தில் தசை தளர்ந்தால், நரம்பு குணமானது என்று அர்த்தமில்லை, சேதி அனுப்புவதையே நிறுத்திவிட்டது என்று அர்த்தம். அன்றைக்கே ஓட வேண்டிய நேரம் அது. நாங்கள் விளக்குப் போட்டோம். பெரியப்பாவுக்கு ஸ்கேன் எதுவும் எடுக்கவில்லை, ஆகவே அவருக்கு நடந்தது இதுதான் என்று நான் சாதிக்க முடியாது. ஆனால் வேறெதுவும் எனக்குத் தோன்றவில்லை.

காலதாமதம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. இரண்டாம் உலகப்போரில் காயம்பட்ட நரம்புகளை வைத்து 1943இல் ஹெர்பர்ட் செடன் என்ற ஆங்கில அறுவை மருத்துவர் நரம்புச் சேதத்தை மூன்று படியாகப் பிரித்தார். நம்ம பாஷையில் சொன்னால்: முதல் படி, வயரின் மேலுறை மட்டும் கெட்டிருக்கிறது, உள்ளே கம்பி முழுசாக இருக்கிறது. வாரங்களில், அதிகம் போனால் மூன்று மாதத்தில் சரியாகும். இரண்டாவது, கம்பி அறுந்துவிட்டது, ஆனால் அது ஓடிய குழாய் அப்படியே இருக்கிறது. கம்பி அந்தக் குழாய் வழியே மறுபடி முளைத்து வர வேண்டும். மூன்றாவது, எல்லாமே அறுந்தது, தைக்காமல் சேராது.

இரண்டாம் படியில் கம்பி முளைக்கும் வேகம் நாளுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர். என் முழங்கையிலிருந்து சுண்டுவிரல் நுனிக்கு டேப் வைத்து அளந்தேன், 41 சென்டிமீட்டர். அதாவது 410 நாள். இன்னொரு பக்கம், நரம்பு வராத தசை ஒன்றரை வருஷம் வாக்கில் திரும்ப வராத அளவுக்கு மெலிந்துவிடும். 410 நாளுக்கும் ஒன்றரை வருஷத்துக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிதான் நம்மிடம் இருக்கும் நேரம். பெரியப்பா மாதிரி இடுப்பிலிருந்து கீழே வர வேண்டும் என்றால் அந்த இடைவெளியும் கிடையாது.

மரப்பைப் பற்றித் தமிழ்நாட்டில் உட்கார்ந்து எழுதுகிறவன் பால் பிராண்டைச் சொல்லாமல் போக முடியாது. கொல்லிமலையில் 1914இல், அங்கே ஊழியம் செய்த ஆங்கிலத் தம்பதிக்குப் பிறந்தவர். லண்டனில் படித்து 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு அறுவை மருத்துவராக வந்தார். செங்கல்பட்டுத் தொழுநோய் விடுதியைப் பார்க்கப் போனபோது, விரல்கள் கொக்கியாக மடங்கிப்போன ஒருவரிடம் கையைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். கை நசுங்கிவிடும் போல வலித்தது. செத்துப்போன கை என்று எல்லாரும் நினைத்ததில் இவ்வளவு பலம் இருக்கிறது! தொழுநோய்க் கிருமிக்கு மிகவும் பிடித்த இடம் அல்நார் நரம்பு, அதுவும் முழங்கையை ஒட்டி. ஆம், என் அதே நரம்பு, கிட்டத்தட்ட அதே இடம். அது போனால் விரலை நேராக்கும் உள்ளங்கைச் சிறுதசைகள் போகும், முன்கையின் பெரிய தசைகள் தப்பிக்கும். கை கொக்கியாகும், பிடியில் பலம் மிஞ்சும். அந்த மிஞ்சிய தசைகளின் நாண்களை இடம் மாற்றித் தைத்து, 1948 முதல் அவர் கொக்கிக் கைகளைத் திறக்கத் தொடங்கினார்.

அவர் சொன்ன ஒரு சம்பவம் எனக்கு மறக்கவில்லை. துருப்பிடித்த ஒரு பூட்டை அவரால் திறக்க முடியவில்லை. பக்கத்தில் நின்ற தொழுநோயாளிச் சிறுவன் ஒருவன் சாவியை வாங்கி ஒரே திருப்பில் திறந்துவிட்டான். பார்த்தால் அவன் விரலிலிருந்து ரத்தம். சாவி எலும்பு தெரிய அறுத்திருந்தது. அவனுக்கு எதுவும் தெரியவில்லை. அவன் பலசாலி இல்லை. நமக்கு எல்லாருக்கும் அந்த பலம் இருக்கிறது, வலி நடுவில் வந்து நிறுத்துகிறது. அவனுக்கு நிறுத்த ஆளில்லை. விரல்கள் அழுகி விழுவதாக உலகம் நம்பிக்கொண்டிருந்தபோது, உணர்ச்சியில்லாத கைகள் தினசரி வேலையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தும் அறுந்தும் போகின்றன என்று பிராண்ட் காட்டினார்.

ஜிம்மில் வலி என்றால் பையன்கள் ஐஸ் வைப்பார்கள், தைலம் பூசுவார்கள், நாலு நாள் லீவு போடுவார்கள். மரத்தால் கையை உதறிவிட்டு அடுத்த செட் போடுவார்கள். நானும் அப்படித்தான்.

திருநெல்வேலியில் ஒரு நரம்பியல் டாக்டரிடம் போனேன். என் எம்.ஆர்.ஐ. படத்தை அரை நிமிஷம் பார்த்து ஓரமாக வைத்தார். முழங்கைப் பள்ளத்தில் விரலால் தட்டினார். சுண்டுவிரலில் மின்னல் ஓடியது. பிறகு நரம்புக் கடத்தல் சோதனை. ஒரு இடத்தில் லேசான ஷாக் கொடுத்து, சேதி இன்னொரு இடத்துக்கு எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று அளப்பது. நரம்பில் சேதிக்கு வேகம் உண்டு என்பதையே 1850இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளைக் காலை வைத்துத்தான் அளந்து காட்டினார். நொடிக்குச் சுமார் 27 மீட்டர் என்று வந்தது. அதுவரை ஒளி மாதிரி அளக்கவே முடியாத வேகம் என்று நினைத்திருந்தார்கள். மனிதக் கையில் நொடிக்கு 50 மீட்டருக்கு மேல் இருக்க வேண்டும். எனக்கு முன்கையில் 56, முழங்கையைக் கடக்கும் இடத்தில் 41. சேதி வந்து சேர்கிறது, அந்தத் திருப்பத்தில் தடுமாறுகிறது. சேதியின் அளவு குறையவில்லை, அதாவது கம்பி அறவில்லை, உறைதான் கெட்டிருக்கிறது. செடனின் முதல் படி. "இன்னும் நாலு மாசம் இப்படியே ஓட்டியிருந்தீங்கன்னா வேற மாதிரி பேசிட்டு இருப்போம்" என்றார் டாக்டர்.

செலவு எதுவுமில்லாத வைத்தியம். ராத்திரி ஒரு துண்டை முழங்கையில் சுற்றி, மடக்க முடியாமல் கட்டிக்கொண்டு தூங்கினேன். இது ஒன்றுதான் அதிகம் உதவியது என்று நினைக்கிறேன். மேஜை விளிம்பில் முழங்கை வைப்பதை விட்டேன், போனுக்கு ஹெட்செட். ஜிம்மில் முழங்கை தொண்ணூறு டிகிரிக்கு மேல் எடையோடு மடங்கும் எல்லாம் நிறுத்தம்; இழுக்கும் பயிற்சிகள், டெட்லிஃப்ட், கால் பயிற்சிகள் தொடர்ந்தன. பார்பெல்லைத் தோளில் கொஞ்சம் மேலே ஏற்றி வைத்தேன். நரம்பை வழுக்கி விடும் பயிற்சி என்று ஒன்று சொல்லிக்கொடுத்தார்கள்; கையை விரித்து, மடக்கி, தலையைச் சாய்த்து மெதுவாகச் செய்வது. இழுத்துப் பிடிக்கக் கூடாது. நரம்பு தசை இல்லை, ஸ்ட்ரெச் அதற்குப் பிடிக்காது. அந்தப் பயிற்சியால் குணமானதா, தானாகவே ஆனதா என்று என்னால் பிரிக்க முடியவில்லை. ஆறாவது வாரம் விரலில் எரிச்சலும் குறுகுறுப்பும் வந்தது. பயந்து போன் போட்டால், "நல்லது, முழிக்குது" என்றார். பத்தாவது வாரம் பேப்பர் நின்றது. நாலாவது மாதம் சுண்டுவிரல் நுனியில் மட்டும் கொஞ்சம் மதமதப்பு மிச்சம்.

எல்லா மரப்பும் முழங்கை இல்லை என்பதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நானும் ஜிம் டாக்டர் ஆகிவிடுவேன். பெஞ்ச் பிரஸ்ஸிலும் புஷ்-அப்பிலும் மணிக்கட்டை முழுசாகப் பின்னால் மடக்கினால் உள்ளங்கை அடியில் நரம்பு நசுங்கும். கட்டைவிரல் பக்கம் மரத்தால் மீடியன், சுண்டுவிரல் பக்கம் என்றால் அல்நார். எடைப் பெல்ட்டை மூச்சு முட்ட இறுக்கினால் தொடையின் வெளிப்பக்கம் ஒரு உள்ளங்கை அகலத்துக்கு எரிந்து மரக்கும். பெர்ன்ஹார்ட், ரோத் என்ற இருவர் 1895இல் விவரித்தது. அதே வருஷம் சிக்மண்ட் ஃப்ராய்ட் தனக்கே இது இருப்பதை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். தோலுக்கு மட்டும் போகும் நரம்பு என்பதால் கால் பலவீனமாகாது. பெல்ட்டைத் தளர்த்தினால் பெரும்பாலும் போய்விடும். இரண்டு பாதமும் ஒரே சமயம் சாக்ஸ் போட்ட மாதிரி மரத்தால் ஜிம்மைத் திட்ட வேண்டாம். சர்க்கரையும் பி12ம் பார்க்க வேண்டும். நம்ம கடற்கரையில் இன்னொன்று: கம்ப்ரசர் காற்றைக் குழாயில் சுவாசித்துச் சங்கு குளிக்கிறவர்களுக்கு மேலே வந்ததும் கைகால் மரத்தால் அது ரத்தத்திலும் திசுக்களிலும் உருவாகும் நைட்ரஜன் குமிழிகளின் வேலையாக இருக்கலாம், அது வேறு கதை, வேறு அவசரம். முகமும் ஒரு பக்கக் கையும் திடீரென்று மரத்து வாய் குழறினால் பக்கவாதம்.

டெட்லிஃப்ட் செய்கிறவர்கள் ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்து வையுங்கள். இடுப்பு வலியோடு இரண்டு காலும் மரக்கிறது, உட்காரும்போது சீட்டில் படும் இடம் மரக்கிறது, சிறுநீர் வர மறுக்கிறது அல்லது போவது தெரியவில்லை என்றால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. அந்த ராத்திரியே ஆஸ்பத்திரி. அது அறுவை சிகிச்சைக்கு மணிக்கணக்கில் பார்க்கும் விஷயம்.

போன மாதம் ஜிம்மில் காலேஜ் படிக்கும் தம்பி ஒருத்தன், இருபது வயசு, செட்டுக்கு நடுவில் இடது கையை உதறிக்கொண்டே இருந்தான். எத்தனை நாளா என்று கேட்டேன். "ஒரு வருஷமா இருக்கும் அண்ணாச்சி, வலியெல்லாம் ஒண்ணும் இல்ல." பில் புக்கிலிருந்து ஒரு தாளைக் கிழித்து அவன் விரலிடுக்கில் வைத்து உருவினேன். கட்டைவிரல் உடனே மடங்கியது. திருப்பிப் பார்த்தால் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிக்கும் நடுவில், புறங்கையில், சதை இருக்க வேண்டிய இடத்தில் குழி. வலது கையில் அந்த இடம் மேடாக இருக்கிறது. பைசெப்ஸ் பதினைந்து அங்குலம் வைத்திருக்கும் பையனுக்குச் சட்டைப் பொத்தான் போட அம்மா உதவுகிறார்களாம்.

சனிக்கிழமை அவனையும் அவன் அப்பாவையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு திருநெல்வேலி போனேன். அவனுக்கு வேகம் மட்டும் குறையவில்லை, சேதியின் அளவே பாதிக்குக் கீழே. ஆபரேஷன் செய்து நரம்புக்கு இடம் விட்டுக் கொடுக்க வேண்டியிருக்கும், அப்படியே செய்தாலும் அந்தக் குழி எவ்வளவு நிரம்பும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். வரும் வழியில் வல்லநாட்டில் டீ குடிக்க நிறுத்தினோம். பையன் இடது கையால் கிளாஸை எடுத்தான், சூடு தெரியாமல் நடுவில் பிடித்தான். அவன் அப்பா ஒன்றும் சொல்லாமல் கிளாஸை வாங்கி வலது கைக்கு மாற்றிக் கொடுத்தார். ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள், ஐப்பசியில்.